கிதார் பெடல்களுக்குச் சிக்கனமான பவர் சப்ளை: நான் தேடிக் கண்ட வழி

பாடகி பல்லவியைத் தொடங்க மூச்சை உள்ளிழுக்கும் அந்த அரை விநாடியில் மேடையில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த ஒரு திருமண வரவேற்பில் அந்த அரை விநாடியை, கிதாரின் ஒலியைப் பெருக்கும் என் ஆம்ப்பிலிருந்து வந்த ‘கீ’ என்ற விடாத கூவல் நிரப்பியது. கொசு காதருகே சுற்றுவதைப் போன்ற அந்தச் சத்தத்துக்கு அடியில் ‘ம்ம்’ என்ற கனமான இரைச்சல் ஒன்றும் சேர்ந்திருந்தது. மைக் செட் அண்ணன் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கவில்லை. என் சேனலின் ஒலியைக் கீழே இறக்கிவிட்டார். அன்றிரவு நான் வாசித்த இடையிசை எதுவும் மேடையை விட்டு இறங்கவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் கிதார் வாசிக்கிறேன். என்னிடம் இருந்த ஆறு பெடல்களும் (காலால் மிதித்து இயக்கி, கிதாரின் ஒலியை மாற்றிக்கொள்ள உதவும் சிறு பெட்டிகள்) நான்கு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. பெரும்பாலும் பிறர் பயன்படுத்தியதை வாங்கியவை. ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் விசாரித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆறுக்கும் மின்சாரம் தருகிற பொருளுக்கு ஒரு மணி நேரம்கூட யோசித்ததில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் செய்திருந்தது அதுதான். 3 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை திருகி மாற்றிக்கொள்ளும் ‘யுனிவர்சல்’ அடாப்டர் ஒன்றை நேரு வீதிக்கு அருகிலுள்ள ஒரு கடையில் வாங்கி, அதிலிருந்து ஆறு வாய்கள் பிரியும் ஒரு கேபிளைப் போட்டு எல்லாப் பெடல்களையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கேபிளைத்தான் டெய்சி செயின் என்கிறோம்.

அந்த அடாப்டர் அதற்கு முன்பே ஒரு முறை என்னை எச்சரித்திருந்தது. அதன் பக்கவாட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை மாற்றும் சிறிய நழுவு சுவிட்ச் உண்டு. பைக்குள் வேறு பொருட்களோடு உரசியதில் அது மறுபக்கம் நகர்ந்திருக்கிறது. கவனிக்காமல் செருகியபோது, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலிலிருந்து கருகிய வாடை வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெடலைத் திறந்து, உள்ளே மின்முனைகளுக்குக் குறுக்கே வைத்திருந்த ஒரு டையோடு மட்டும் வெந்திருப்பதைக் காட்டினார். முனை மாறிக் கொடுத்தால் மின்சாரம் முழுவதையும் தன் வழியாக இழுத்து, மற்ற பாகங்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகும் வேலை அதனுடையது. ஓரிரு ரூபாய்ப் பொருள். அதை மாற்றிக் கொடுத்துவிட்டு, “பொட்டில நாலு விஷயம் எழுதியிருக்கும் தம்பி, அத படிச்சிட்டு அப்புறமா சொருவு” என்றார். எனக்கு உண்மையான பாடம் அங்கேதான் தொடங்கியது.

அவர் சொன்ன நான்கில் முதலாவது வோல்ட் அளவு. பெரும்பாலான சிறு பெடல்கள் 9 வோல்ட்டில் ஓடுகின்றன. சில 18 வோல்ட் வரை தாங்கும். ஆனால் அது அந்தப் பெடலின் கையேட்டிலோ முதுகிலோ எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்போமே என்று முயல்வது சூதாட்டம். இரண்டாவது, அது ஒரே திசையில் பாயும் டி.சி.யா, திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி.யா என்பது. சில பழைய கருவிகள் 9 வோல்ட் ஏ.சி. கேட்கும், அந்த அடாப்டரின் முனையும் பெடலுக்குள் அழகாகப் பொருந்தும், பொருந்துவதனால் அது சரியானதாகிவிடாது. மூன்றாவது, முனை. கிதார் பெடல்களில் பெரும்பாலும் நடுத்துளை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். நம் வீட்டு ரூட்டர், சிசிடிவி கேமரா அடாப்டர்களில் இது நேர்மாறு: நடுவில் பாசிட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் ரூட்டர் அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று எடுத்துச் செருகுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெடல்களில் மட்டும் ஏன் இந்த மாற்றம் என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை. பேட்டரிதான் காரணம். அடாப்டரைச் செருகியவுடன் உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட வேண்டும்; செருகும் ஜாக்கின் வெளிவளையத்தோடு சேர்ந்த தொடுமுனைதான் அப்படி விலகிக்கொடுக்கும். அதனால் பாசிட்டிவை வெளிவளையத்துக்குக் கொண்டுபோய், பேட்டரியின் பாசிட்டிவை அதன் வழியாகத் துண்டித்தார்கள். 1977-இல் வெளிவரத் தொடங்கிய பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்கள் உலகெங்கும் பரவியபோது இந்த வழக்கமும் கூடவே நிலைபெற்றுவிட்டது. இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. டெய்சி செயினில் ஒரு வாய் மிச்சமாகத் தொங்கினால், அதன் வெளி உலோகம் முழுவதும் 9 வோல்ட் பாசிட்டிவ். பெடலின் உலோகப் பெட்டியோ நெகட்டிவ். இரண்டும் உரசினால் அத்தனை பெடல்களும் ஒரே நொடியில் அணைந்துவிடும். மிச்சமான வாய்க்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவைப்பதை நான் ஒருபோதும் மறப்பதில்லை.

நான்காவது மில்லி ஆம்பியர். இதில்தான் புதியவர்களுக்குப் பயம் அதிகம். 10 மில்லி ஆம்பியர் கேட்கும் பெடலுக்கு 500 மில்லி ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்தால் எரிந்துவிடாதா என்று எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எரியாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போட்டிருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு ஜீரோ வாட் விளக்கைப் போட்டாலும் அது தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வோல்ட் அளவு துல்லியமாக இருக்க வேண்டும்; ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நல்லதே. குறைந்தால்தான் தொல்லை: எதிரொலி தரும் டிலே பெடல் பாதிப் பாட்டில் அணைந்து மீண்டும் உயிர்பெறும், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல ஒலியை நீட்டித் தரும் ரிவர்ப் பெடலின் ஒலி வால் நொறுங்கி ஒலிக்கும், அடாப்டர் தொட முடியாதபடி சுடும்.

வரவேற்பு முடிந்த மறுநாள் காலை எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். முதலில் அந்த ‘ம்ம்’ இரைச்சல். அதன் சுரத்தைக் கிதாரில் தேடியபோது ஆறாம் கம்பியின் மூன்றாம் கட்டுக்கு மிக அருகில், ஒரு மயிரிழை மேலே நின்றது. அந்தக் கட்டு ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை டி.சி.யாக மாற்றும்போது அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் மடிக்கப்படுவதால் எஞ்சும் அதிர்வு 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. கையிலிருக்கும் கிதாரே அளவுகருவியாகிவிட்டது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மல்டிமீட்டரை எடுத்து, எந்தப் பெடலும் மாட்டாத நிலையில் அந்த யுனிவர்சல் அடாப்டரின் முனையை அளந்தேன். 9 என்று திருகி வைத்திருந்தும் மீட்டர் 13-க்கு மேல் காட்டியது. உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடுகள், ஒரு கப்பாசிட்டர், அவ்வளவே. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லை. பெடல்கள் இழுக்க இழுக்க வோல்ட் இறங்கும், அதோடு அதிர்வும் கூடும். கடையில் அடாப்டர் வாங்கும்போது மீட்டர் வைத்து, சுமை இல்லாமல் 9-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டாலே இந்த வகையை ஒதுக்கிவிடலாம். மீட்டரின் சிவப்பு முனையை நடுத்துளையில் வைத்தால் பெடலுக்கு உரிய அடாப்டர் மைனஸ் 9 காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் வோல்ட்டும் முனையும் தெரிந்துவிடும்.

ரெகுலேட்டர் உள்ள 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் பெடல் அடாப்டர் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கி மாட்டினேன். ‘ம்ம்’ காணாமல் போயிற்று. கொசுச் சத்தம் அப்படியே இருந்தது.

அந்தக் கொசுவைப் பிடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. கிதாரின் ஒலியைப் பூஜ்யமாக்கினாலும் அது இருந்தது. ஆகவே கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் குற்றவாளி இல்லை. ஒலியைப் பெருக்கிச் சிதைத்துத் தரும் டிஸ்டார்ஷன் பெடலை அணைத்தால் மறைந்தது. அதனால் டிஸ்டார்ஷனைச் சந்தேகித்தேன். பிறகு டிஸ்டார்ஷன் ஓடும்போதே டிலேயின் மின் முனையைப் பிடுங்கினால் அப்போதும் மறைந்தது. டிலே என் வரிசையில் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பின்னால் இருப்பதன் சத்தத்தை முன்னால் இருப்பது எப்படிப் பெருக்கும் என்ற கேள்வியில்தான் விடை இருந்தது. ஒலி முன்னிருந்து பின்னுக்குப் போனாலும், மின்கம்பி இரண்டுக்கும் பொது. டிலே, ரிவர்ப், சுருதி சேர்க்க உதவும் டியூனர் போன்ற டிஜிட்டல் பெடல்களின் உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவை மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை, துடித்துத் துடித்துக் குடிக்கின்றன. அந்தத் துடிப்பு பொதுக் கம்பியில் நுண்ணிய வோல்ட் ஏற்ற இறக்கமாகப் படிந்து, டெய்சி செயின் வழியாகப் பின்வாசலில் டிஸ்டார்ஷனுக்குள் நுழைகிறது. வந்ததை நூறு மடங்கு பெருக்குவதுதான் டிஸ்டார்ஷனின் தொழில். கிதார் எது, கொசு எது என்று அதற்குத் தெரியாது. இதோடு இன்னொன்றும் உண்டு. பெடல்களின் நெகட்டிவ்கள் மின்கம்பி வழியாக ஒரு முறையும், அவற்றை இணைக்கும் பேட்ச் கேபிளின் கவசம் வழியாக மறுமுறையும் இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அந்த வளையத்தில் ஹம் எனப்படும் ‘ம்ம்’ இரைச்சலை ஏற்றும்.

உறுதிசெய்ய மிக எளிய, மிக மலிவான சோதனை ஒன்று உண்டு. டிஸ்டார்ஷனை மட்டும் செயினிலிருந்து கழற்றி, அதற்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் போட்டேன். பொதுக் கம்பி அறுந்தது, கொசுவும் அடங்கிற்று. பவர் சப்ளைக்காக ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னும் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரியில் ஓடும்போதும் சத்தம் இருந்தால் காரணம் வேறு: கிதாரின் ஒற்றைச் சுருள் பிக்கப், பழுதான கேபிள், அறையில் இருக்கும் பழைய சோக் டியூப்லைட், மின்விசிறியின் வேகம் குறைக்கும் ரெகுலேட்டர். அவற்றை எந்த விலையுயர்ந்த பவர் சப்ளையும் குணப்படுத்தாது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிசிலிருந்து என் பெரியப்பா மகன் வந்திருந்தார். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசை விழா புதுச்சேரியிலும் கொண்டாடப்படுவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அன்று கடற்கரைப் பக்கம் சேர்ந்து வாசிக்கலாம் என்று தன் பெடல்போர்டையே சுமந்து வந்திருந்தார். அதில் இருந்தது டிரான்ஸ்பார்மர் வகை பவர் சப்ளை; மின்சாரம் வெளியே வரும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிச் சுருள் சுற்றப்பட்டு, ஒன்றோடொன்று மின்தொடர்பே இல்லாமல் பிரிந்திருக்கும் வகை. இதைத்தான் ஐசோலேட்டட் என்கிறார்கள். என் ஆறு பெடல்களை அதில் மாட்டி, டிஸ்டார்ஷனை முழுவதும் திருகி, கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். ஆம்ப்பில் காற்று வீசுவதுபோன்ற மெல்லிய ‘ஸ்’ மட்டும் கேட்டது. அந்த அமைதியை என் பெடல்களிலிருந்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதை இங்கே ஓட்ட கன்வர்ட்டர் தேவைப்படவில்லை. ஆனால் பிளக்கில் ஒரு விஷயம், புதுச்சேரிக் குடும்பங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். அங்கிருந்து வரும் எர்த் உள்ள உருண்டைப் பிளக்கின் இரண்டு கால்களும் நம் 5 ஆம்பியர் பிளக்குக்குள் ஏறத்தாழப் பொருந்திவிடுகின்றன, கருவியும் ஓடும். ஆனால் அவர்களுடைய எர்த் இணைப்பு சுவரிலுள்ள பிளக்கிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் கம்பியாலோ பிளக்கின் விளிம்பிலுள்ள பட்டையாலோ கிடைப்பது. நம் பிளக்கில் அது எதிலும் படாது. ஆகவே எர்த் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். கிதார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு வைக்கிற நமக்கு இது விளையாட்டல்ல. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஹம் போகிறது என்பதற்காக ஆம்ப்பின் எர்த் காலை உடைத்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்களை நம் மேடைகளிலும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அண்ணனின் பிளக்கை எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் மூன்று கால் பிளக்காக மாற்றிய பிறகுதான் மேடைக்கு எடுத்துச் சென்றோம். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் அடாப்டர் என்றால் கதையே வேறு. நம் பிளக்கில் செருகினால் கருகிவிடும். ‘100-240’ என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் தொட வேண்டாம்.

அண்ணன் ஜூலையில் திரும்பிவிட்டார், பவர் சப்ளையும் அவரோடு போயிற்று. அதே போன்றது ஒன்று வாங்க என்னால் இயலவில்லை. அதன் விலைக்கு இன்னொரு கிதார் வாங்கலாம். மலிவான ஒன்றைத் தேடியபோது பத்து வழிகள், நீல விளக்கு, ‘ஐசோலேட்டட்’ என்று பெரிய எழுத்துகள் கொண்ட பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. வாங்கினேன். கொசு திரும்பி வந்தது. மஞ்சக்குப்பத்துப் பெரியவரிடம் கொண்டுபோனபோது அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. சுவரில் செருகாமல், மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு வழியின் நடுத்துளைக்கும் அடுத்த வழியின் நடுத்துளைக்கும் முனைகளை வைத்தார். ‘பீப்’ என்றது. பத்து நெகட்டிவ்களும் உள்ளே ஒரே கம்பி. உண்மையில் பிரிந்திருந்தால் மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டாது. கப்பாசிட்டர் நிரம்பும்போது ஒரு கணம் எண் அசைந்து பிறகு திறந்த நிலைக்குப் போகும், அவ்வளவே. அந்தப் பெட்டி டெய்சி செயினையே அழகான உறைக்குள் வைத்து விற்றது. வழிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு வழிகளுக்கு இடையே மீட்டர் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். திருப்பித் தர வசதி உள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெரியவரின் பெஞ்சிலேயே ஒரு தாளில் என் பெடல்களின் கணக்கை எழுதினோம். சிலவற்றுக்குக் கையேட்டிலிருந்து, சிலவற்றுக்கு மீட்டரில் அளந்து: டியூனர் 30 மில்லி ஆம்பியர், ஓவர்டிரைவ் 8, டிஸ்டார்ஷன் 5, கோரஸ் 18, டிலே 62, ரிவர்ப் 94. மொத்தம் 217. பெரிய செயலிகள் கொண்ட புதிய டிஜிட்டல் பெடல்கள் ஒன்றே 300 மில்லி ஆம்பியர் கேட்பதும் உண்டு என்பதால் யூகத்தில் எழுதக் கூடாது. எழுதிய தாளைப் பார்த்ததும் வழி தானே தெரிந்தது. டியூனர், டிலே, ரிவர்ப் மூன்றும் டிஜிட்டல், 186. மற்ற மூன்றும் அனலாக், வெறும் 31. பிரிய வேண்டியது ஆறு பெடல்களும் ஒன்றையொன்று அல்ல. இந்த இரண்டு கூட்டங்கள் மட்டுமே.

தனித்தனியாகச் சுவரில் செருகும் அடாப்டர்கள் இரண்டு இருந்தால், அவை இரண்டும் தமக்குள் பிரிந்தவையே. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனி டிரான்ஸ்பார்மர் இருக்கிறதல்லவா? ரெகுலேட்டர் உள்ள 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் பெடல் அடாப்டர்கள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் மூன்று வாய் டெய்சி செயின் போட்டு அனலாக் பெடல்கள். மற்றதில் இன்னொரு மூன்று வாய்ச் செயின் போட்டு டிஜிட்டல் பெடல்கள். டிஜிட்டல் மூன்றும் தமக்குள் ஒரே கம்பியைப் பகிர்ந்தாலும் அவற்றில் எதுவும் ஒலியை நூறு மடங்கு பெருக்குவதில்லை என்பதால் சத்தம் தெரிவதில்லை. செயின்களையும் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,500 ரூபாய்க்குள். அண்ணனின் பவர் சப்ளை தந்த அமைதியில் பெரும்பகுதி எனக்குக் கிடைத்துவிட்டது. ஐந்தாறு பெடல்கள் வைத்திருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். இது போதாமல் போகும்போது மட்டும் பெட்டியைப் பற்றி யோசித்தால் போதும்.

இதில் குறைகளும் உண்டு. பிளக்குகள் இரண்டு தேவை. மேடையில் மைக் செட்காரர் தருவது பெரும்பாலும் ஒன்று. ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டரை நானே எடுத்துப் போகிறேன். இரண்டு கால் பிளக் உள்ள சிறு அடாப்டர்கள் சிலவற்றில், ஆம்ப்புக்கு எர்த் சரியாக இல்லாத மண்டபங்களில், கிதார் கம்பியைத் தொடும்போது விரலில் லேசான கூச்சம் தெரியும். அடாப்டருக்குள் மின்காந்த இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு சிறு கப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. அளவில் மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் கூச்சம் தெரிந்த இடத்தில் மண்டபத்தின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லாமல் நான் வாசிக்கத் தொடங்குவதில்லை.

12 வோல்ட் சிசிடிவி அடாப்டரிலிருந்து நாமே 9 வோல்ட் செய்துகொள்ளலாமா என்று சாலிடரிங் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. செய்யலாம். 7809 என்ற மூன்று கால் ரெகுலேட்டருக்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட்டாவது அதிகமாக இருக்க வேண்டும், 12 போதும். 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் எஞ்சிய 3 வோல்ட் 0.6 வாட் வெப்பமாகும். சிறு அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தினால் தாங்கும். டிஸ்டார்ஷனுக்குப் போகும் பாசிட்டிவ் கம்பியில் மட்டும் 100 ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள துடிப்பு படிப்படியாக அடங்கும். 5 மில்லி ஆம்பியர் பெடலுக்கு இதில் இழப்பது அரை வோல்ட்தான். இதையே 94 மில்லி ஆம்பியர் ரிவர்ப்புக்கு வைத்தால் 9 வோல்ட்டுக்கு மேல் அந்த ரெசிஸ்டருக்கே வேண்டும். பெடல் ஓடவே ஓடாது. இது ஒரு செயினுக்குள் இரைச்சலைக் குறைக்கும் வழியே அன்றிப் பிரிப்பதாகாது. நெகட்டிவ் கம்பி இன்னும் பொதுவாகத்தான் இருக்கிறது.

ஓராண்டு கழித்து, ரிவர்ப்புக்கு அருகில் இன்னொரு டிஜிட்டல் பெடல் வந்தபோது, ஐந்து வழிகள் உண்மையாகவே பிரிந்த ஒரு சிறு பெட்டியை வாங்கினேன். 6,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒவ்வொரு வழிக்கும் எத்தனை மில்லி ஆம்பியர் என்பதைத்தான் அதில் பார்க்க வேண்டியிருந்தது. மொத்தம் இரண்டாயிரம் என்று எழுதியிருந்தும் ஒரு வழி 100-க்கு மேல் தராது என்றால் 300 கேட்கும் பெடலுக்கு அந்த இரண்டாயிரத்தால் பயனில்லை. ஒரு வழியில் பழைய மூன்று வாய்ச் செயினையே போட்டு அனலாக் பெடல்களை ஓட்டுகிறேன். அதனால் ஐந்து வழிகளே போதுமானதாயின. கணக்கிட்டதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இருப்பு வைத்திருப்பது என் வழக்கம். ஏப்ரல், மே மாதத்து மண்டபங்களில் முழுச் சுமையில் ஓடும் பெட்டி எப்படிச் சுடும் என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கடலோரத்தில் வாழ்கிற நமக்கு மட்டும் உரிய தொல்லை உப்புக்காற்று. முத்தியால்பேட்டையில் என் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம். மூன்று மாதம் தொடாமல் வைத்த டி.சி. முனையில் மங்கிய படலம் ஒன்று படிந்துவிடுகிறது. தொடர்பு விட்டுவிட்டு வந்தால் பெடல் ‘டப்’ என்று அணைந்து எரியும். பவர் சப்ளையையே குறை சொல்லத் தோன்றும். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளியும் பஞ்சும் போதும். அதே அறிகுறி துளையின் அளவு மாறினாலும் வரும்: பெடல்களுக்கு 2.1 மில்லிமீட்டர் துளை, பார்க்க அதே போலிருக்கும் 2.5 மில்லிமீட்டர் முனையைப் போட்டால் தளர்ந்து ஆடும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் தாக்கிப் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்த பிறகு எங்கள் பகுதியில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் ஆம்ப்பை ஓட்டினால் வருகிற ‘டர்’ ஒலிக்குப் பெடல் பவர் சப்ளை பொறுப்பல்ல. அதை மாற்றினாலும் போகாது. தேவாலயத் திருவிழாக்களில் ஜெனரேட்டர் ஓடும்போது அலங்கார சீரியல் விளக்குகளின் பிளக்கும் என் பிளக்கும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது என்று மைக் செட் அண்ணனிடம் முன்பே கேட்டுக்கொள்கிறேன். அவரும் இப்போது என் சேனலை இறக்குவதில்லை.

சென்ற ஆண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய பாணி ஃபஸ் பெடல் (ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைக்கும் வகை) ஒன்று கைக்கு வந்தது. இந்த வகைப் பெடல்களில் பலவற்றில் பெட்டியும் கேபிளின் கவசமும் பாசிட்டிவோடு இணைந்திருக்கும். மற்றவற்றோடு ஒரே செயினில் மாட்டினால் பேட்ச் கேபிள் வழியாகவே பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டிக்கொண்டு மொத்த வரிசையும் அணையும். தனியாகப் பிரிந்த ஒரு வழியை, முனை மாற்றும் கேபிளோடு அதற்குக் கொடுக்கலாம். என்னிடம் வழி மிச்சமில்லை. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே அது குடிப்பதால் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரியே மாதக்கணக்கில் வருகிறது. இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், கச்சேரி முடிந்து கிதாரைப் பையில் வைப்பதற்கு முன் முதலில் அந்தக் கேபிளைத்தான் கழற்றுகிறேன்.